கலைந்த அடுக்கும் கணிப்பொறியும்



பழைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஐந்து வட்டங்களை வெட்டுங்கள். அவற்றின் ஆரங்கள் முறையே 2, 3, 4, 5, 6 சென்டிமீட்டர் இருக்கட்டும். மிகச் சிறிய வட்டத்தின் மேல் 1 என்றும், அதற்கு அடுத்ததன் மேல் 2 என்றும், இப்படியே மிகப் பெரியதன் மேல் 5 என்றும் எழுதுங்கள். இரு பக்கங்களிலும் எழுத வேண்டும். ஏனென்றால் இந்த வட்டங்கள் அடிக்கடி குப்புற விழப் போகின்றன.

இவற்றை ஐந்து தோசைகள் என்று கொள்வோம். ஒரு தட்டின் மேல், மேலிருந்து கீழாக 3, 5, 1, 4, 2 என்ற வரிசையில் அடுக்குங்கள். பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கிறது அல்லவா? மேலே மிகச் சிறியது, கீழே மிகப் பெரியது என்ற ஒழுங்குக்கு இதைக் கொண்டுவர வேண்டும். அதாவது 1, 2, 3, 4, 5 என்று ஆக வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விதிதான். தோசைத் திருப்பியை அடுக்கில் நீங்கள் விரும்பிய இடத்தில் நுழைக்கலாம். அதற்கு மேலுள்ள தோசைகள் அனைத்தையும் ஒரே மொத்தமாகத் தூக்கி, தலைகீழாகப் புரட்டி, அதே இடத்தில் வைக்கலாம். நடுவிலிருந்து ஒன்றை உருவக் கூடாது. பக்கத்தில் இறக்கி வைக்கவும் கூடாது. எடுத்துக்காட்டாக, மேலுள்ள மூன்றைப் புரட்டினால் 3, 5, 1 என்பது 1, 5, 3 என்று மாறும். அடுக்கு 1, 5, 3, 4, 2 ஆகிவிடும்.

எத்தனை புரட்டல்களில் ஒழுங்குபடுத்த முடியும்? மேலே படிக்கும் முன் ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள். உங்கள் எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

புதிர் பிறந்த கதை

இந்தப் புதிர் அச்சில் வந்தது 1975-ஆம் ஆண்டில். 'அமெரிக்கன் மேத்தமெட்டிகல் மன்த்லி' என்ற கணித இதழில், ஓர் உணவு விடுதிப் பணியாளர் எழுதியதுபோல் அது வெளியானது. அவருடைய விடுதியில் சமையற்காரர் பான்கேக் என்னும் கனமான தோசைகளைப் பல அளவுகளில் சுட்டு, தாறுமாறாக அடுக்கித் தருகிறார். பணியாளர் மேசைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, மேலே உள்ள சிலவற்றைப் பிடித்துப் புரட்டிப் புரட்டி ஒழுங்குபடுத்துகிறார். ஓர் அடுக்கில் எத்தனை இருந்தால், அதிகம் போனால் எத்தனை தடவை புரட்ட வேண்டியிருக்கும் என்று அவர் கேட்கிறார்.

எழுதியவர் பெயர் ஹாரி ட்வெய்ட்டர் என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால், 'அலைக்கழிக்கப்பட்ட பரிமாறுபவர்' என்ற பொருளில் ஒலிக்கும்! உண்மையில் அதை எழுதியவர் ஜேக்கப் குட்மன் என்ற கணிதப் பேராசிரியர். வேடிக்கையாகப் போட்ட இந்தக் கேள்வியின் முழு விடை இன்றும் எவர் கையிலும் இல்லை. ஆனால் நாம் அதில் வெகு தூரம் போகலாம். துணைக்கு ஒரு சிறிய கணிப்பொறி நிரலை அழைத்துக்கொள்வோம்.

தவறாத ஒரு வழி

முதலில் மூளையைப் பயன்படுத்துவோம். ஐந்தில் பெரியது எங்கே இருக்கிறது? அதுவரை உள்ள தோசைகளைப் புரட்டினால், அது மேலே வந்துவிடும். அடுத்து அடுக்கு முழுவதையும் புரட்டினால், அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். இனி அதைத் தொட வேண்டியதில்லை. மிச்சம் நான்கு. அவற்றில் பெரியதை இதேபோல் மேலே கொண்டுவந்து, நான்கையும் புரட்டி, ஐந்தின் மேல் உட்கார வைக்கலாம். இப்படியே போனால் வேலை முடிந்துவிடும்.

இதைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? கணிப்பொறிக்குத் தோசை தெரியாது. ஆனால் எண்களைப் போட்டுவைக்கப் பெட்டிகள் அதனிடம் உண்டு. வரிசையாக நிற்கும் ஐந்து பெட்டிகளுக்குத் த(1), த(2), த(3), த(4), த(5) என்று பெயரிடுவோம். த(1) மேல் தோசை. த(5) அடித் தோசை. இப்போது நிரலைப் பாருங்கள். தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பேசிக், சி, பைத்தான் என நீங்கள் அறிந்த எந்தக் கணிப்பொறி மொழியிலும் இதை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

10 தோசைகளின் எண்ணிக்கையைப் பெற்று ந-வில் இடு
20 த(1) முதல் த(ந) வரை எண்களைப் பெறு
30 எ = 0
40 க-வின் மதிப்பை ந முதல் 2 வரை ஒவ்வொன்றாகக் குறைத்து, 50 முதல் 80 வரை செய்
50 த(1) முதல் த(க) வரை உள்ளவற்றுள் பெரியது இருக்கும் இடம் ப
60 ப = க எனில், இந்தச் சுற்றை விட்டு அடுத்த க-வுக்குப் போ
70 ப = 1 அல்ல எனில், மேலுள்ள ப தோசைகளைப் புரட்டு; எ = எ + 1
80 மேலுள்ள க தோசைகளைப் புரட்டு; எ = எ + 1
90 த வரிசையையும் எ-யையும் அச்சிடு; நிறுத்து

'புரட்டு' என்பது என்ன என்று கணிப்பொறிக்குத் தனியே சொல்லித் தர வேண்டும். மேலுள்ள ம தோசைகளைப் புரட்டும் துணை நிரல் இது:

200 இ = 1; உ = ம
210 இ < உ ஆக இருக்கும்வரை 220, 230 வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்
220 த(இ), த(உ) ஆகிய இரண்டையும் இடம் மாற்று
230 இ = இ + 1; உ = உ − 1

முதலும் கடைசியும் இடம் மாறுகின்றன. பிறகு இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் இடம் மாறுகின்றன. இப்படி இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி வந்தால் புரட்டல் முடிந்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையானால் நடுவில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஒரு டம்ளரில் பாலும் இன்னொன்றில் மோரும் இருந்து, அவற்றை மாற்ற வேண்டுமானால் மூன்றாவது டம்ளர் தேவை. அதுபோலவே பல கணிப்பொறி மொழிகளில் இங்கேயும் மூன்றாவது பெட்டி ஒன்று தேவைப்படும்.

நம் அடுக்கைக் கொடுத்தால் நிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள்:

தொடக்கம்: 3 5 1 4 2
மேல் 2 புரட்ட: 5 3 1 4 2
மேல் 5 புரட்ட: 2 4 1 3 5
மேல் 2 புரட்ட: 4 2 1 3 5
மேல் 4 புரட்ட: 3 1 2 4 5
மேல் 3 புரட்ட: 2 1 3 4 5
மேல் 2 புரட்ட: 1 2 3 4 5

மொத்தம் ஆறு புரட்டல்கள். எந்த அடுக்கைக் கொடுத்தாலும் இந்த நிரல் தோற்காது. அதிகம் போனால் எத்தனை ஆகும் என்றும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பெரிய தோசைக்கும் மிஞ்சிப் போனால் 2 புரட்டல்கள். கடைசி இரண்டு தோசைகளுக்கு மட்டும் ஒரு புரட்டலே போதும். ஆகவே ந தோசைகளுக்கு 2 × ந − 3 என்ற எண்ணிக்கையைத் தாண்டாது. ஐந்து தோசைகளுக்கு 7. நூறு தோசைகளுக்கு 197.

பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்துவிடலாமா? வேண்டாம். நாம் கேட்ட கேள்வியை மறுபடி பாருங்கள். "ஒழுங்குபடுத்த முடியுமா?" என்று நாம் கேட்கவில்லை. "எத்தனை புரட்டல்களில்?" என்றுதான் கேட்டோம். ஆறு என்று நிரல் சொன்னது அது கண்ட வழி. அதைவிடக் குறுகிய வழி இல்லை என்று அது சொல்லவே இல்லை. ஒரு வழி இருக்கிறது என்பது வேறு, இதுதான் மிகக் குறுகிய வழி என்பது வேறு.

கெட்ட சந்திகளை எண்ணுவோம்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் துறையில் ஓர் அளவை நேராக அளக்க முடியாதபோது, இரு பக்கமும் வேலி கட்டுவோம். "இதற்கு மேல் போகாது" என்பது ஒரு வேலி. "இதற்குக் கீழே இறங்காது" என்பது இன்னொரு வேலி. மேல் வேலி நமக்குக் கிடைத்துவிட்டது, அது 6. கீழ் வேலியை எப்படிக் கட்டுவது?

இரண்டு தோசைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைச் சந்தி என்று அழைப்போம். தொடும் இரண்டும் அடுத்தடுத்த எண்களானால் (3-உம் 4-உம் போல, அல்லது 4-உம் 3-உம் போல) அது நல்ல சந்தி. இல்லாவிட்டால் கெட்ட சந்தி. தட்டையும் சேர்த்துக்கொள்வோம். தட்டுக்கு 6 என்று எண் கொடுப்போம். அதன் மேல் 5 இருந்தால் மட்டுமே அந்தச் சந்தி நல்லது.

ஒழுங்கான அடுக்கில் கெட்ட சந்தியே கிடையாது. நம் அடுக்கில்? 3-5 கெட்டது. 5-1 கெட்டது. 1-4 கெட்டது. 4-2 கெட்டது. 2-தட்டு கெட்டது. ஆக ஐந்தும் கெட்ட சந்திகள்!

இனி ஒரு புரட்டல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தூக்கிய கட்டுக்குள் இருக்கும் தோசைகள் தலைகீழானாலும், யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாறுவதில்லை. கீழே தட்டில் தங்கிவிட்ட தோசைகளும் அசையவில்லை. மாறியது ஒரே ஓர் இடம்தான், அதாவது தோசைத் திருப்பி நுழைந்த அந்தச் சந்தி. ஆகவே ஒரு புரட்டலால் அதிகபட்சம் ஒரு கெட்ட சந்தியைத்தான் நல்லதாக்க முடியும். ஐந்து கெட்ட சந்திகளைச் சரிசெய்ய ஐந்து புரட்டல்களாவது வேண்டும். நான்கில் முடித்தேன் என்று யாராவது சொன்னால், பார்க்காமலேயே மறுத்துவிடலாம். இதற்குக் கணிப்பொறி தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது விடை 5 அல்லது 6 என்று இரண்டு வேலிகளுக்குள் மாட்டிக்கொண்டது. ஐந்தில் முடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு புரட்டலும் ஒரு கெட்ட சந்தியைத் தவறாமல் ஒழிக்க வேண்டும். ஒன்றுகூட வீணாகக் கூடாது. இந்தக் குறிப்பை வைத்துத் தேடினால் வழி கிடைத்துவிடுகிறது:

தொடக்கம்: 3 5 1 4 2 (கெட்ட சந்திகள் 5)
மேல் 4 புரட்ட: 4 1 5 3 2 (கெட்ட சந்திகள் 4)
மேல் 3 புரட்ட: 5 1 4 3 2 (கெட்ட சந்திகள் 3)
மேல் 5 புரட்ட: 2 3 4 1 5 (கெட்ட சந்திகள் 2)
மேல் 3 புரட்ட: 4 3 2 1 5 (கெட்ட சந்தி 1)
மேல் 4 புரட்ட: 1 2 3 4 5 (கெட்ட சந்தி இல்லை)

ஐந்தே புரட்டல்கள்! மேல் வேலியும் கீழ் வேலியும் ஒன்றாகிவிட்டன. இனி இந்த அடுக்கைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

எல்லா அடுக்கையும் பார்த்துவிட்டால் என்ன?

கணிப்பொறிக்குக் களைப்பு கிடையாது. அப்படியானால் எல்லா அடுக்குகளையும் அதையே பார்க்கச் சொன்னால் என்ன? அதற்கும் ஒரு சிறிய நிரல் உண்டு. இதில் ஒரு தந்திரம், ஒழுங்கான அடுக்கிலிருந்து பின்னோக்கிப் புறப்படுவதுதான்.

1. 1, 2, 3, 4, 5 என்ற அடுக்கைப் பட்டியலில் எழுது; அதன் எண்ணிக்கை 0.
2. பட்டியலில் இன்னும் ஆராயாத முதல் அடுக்கை எடு.
3. மேல் 2, மேல் 3, மேல் 4, மேல் 5 என நான்கு வகையிலும் அதைப் புரட்டிப் பார்.
4. கிடைத்த அடுக்கு பட்டியலில் இல்லையென்றால், கடைசியில் சேர். எடுத்த அடுக்கின் எண்ணிக்கையோடு 1 கூட்டி அதன் பக்கத்தில் எழுது.
5. ஆராயாதது மிச்சம் இருந்தால் 2-க்குத் திரும்பு, இல்லையேல் நிறுத்து.

குளத்தில் கல்லெறிந்தால் அலை வட்டம் வட்டமாகப் பரவுகிறதே, அப்படித்தான் இந்தத் தேடலும் பரவுகிறது. முதல் வட்டத்தில் ஒரு புரட்டல் தூரத்தில் உள்ள அடுக்குகள். அடுத்த வட்டத்தில் இரண்டு புரட்டல் தூரத்தில் உள்ளவை. ஓர் அடுக்கு முதன்முதலில் எந்த வட்டத்தில் அகப்படுகிறதோ, அதுவே அதற்குரிய மிகக் குறைந்த எண்ணிக்கை.

ஐந்து தோசைகளை 5 × 4 × 3 × 2 × 1 = 120 விதமாக அடுக்கலாம். இந்த நிரல் நூற்றிருபதையும் கண் இமைக்கும் நேரத்தில் வகைப்படுத்திவிடும். ஒழுங்கான அடுக்கு 1. ஒரு புரட்டல் வேண்டியவை 4. இரண்டு வேண்டியவை 12. மூன்று வேண்டியவை 35. நான்கு வேண்டியவை 48. ஐந்து வேண்டியவை 20. ஆறு வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே ஐந்து தோசைகளுக்கு எந்த அடுக்கானாலும் 5 புரட்டல்கள் போதும். நாம் எடுத்துக்கொண்ட அடுக்கு மிகக் கடினமான இருபதில் ஒன்று.

நம் முதல் நிரலின் எல்லையையும், உண்மையில் போதுமான எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

3 தோசைகள்: முதல் நிரலின் எல்லை 3, உண்மையில் போதுமானது 3
4 தோசைகள்: எல்லை 5, போதுமானது 4
5 தோசைகள்: எல்லை 7, போதுமானது 5
6 தோசைகள்: எல்லை 9, போதுமானது 7
10 தோசைகள்: எல்லை 17, போதுமானது 11
19 தோசைகள்: எல்லை 35, போதுமானது 22

அப்படியானால் நூறு தோசைகளுக்கும் இந்தத் தேடல் நிரலை ஓடவிட்டு விடையைக் கண்டுவிடலாமே? இங்கேதான் கணிப்பொறியின் வலிமை தீர்ந்துபோகிறது. 10 தோசைகளை 36,28,800 விதமாக அடுக்கலாம். 12 தோசைகளை 47,90,01,600 விதமாக அடுக்கலாம். 20 தோசைகளானால் ஏறத்தாழ 24,300 கோடி கோடி விதங்கள்! வினாடிக்கு 100 கோடி அடுக்குகளைப் பார்க்கும் கணிப்பொறி என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து முடிக்க 77 ஆண்டுகள் ஆகும். 19 தோசைகளுக்கு 22 என்ற விடையைக்கூட எல்லா அடுக்குகளையும் பட்டியலிட்டு யாரும் காணவில்லை. தேடத் தேவையில்லாத பகுதிகளை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் கண்டார்கள். நாம் எண்ணிய கெட்ட சந்திகள் போன்ற சிந்தனைகள் அதற்கு உதவுகின்றன.

ஒரு கல்லூரி மாணவரின் கட்டுரை

எல்லாவற்றையும் பார்க்க முடியாதபோது வேலிகளை நெருக்கிக் கட்டுவதுதான் வழி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 2 × ந − 3 என்ற மேல் வேலியைக் கீழே இறக்க முனைந்தார். அங்கே ஆசிரியராக இருந்த கிறிஸ்டோஸ் பப்பாடிமிட்ரியுவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1979-இல் வெளியாயிற்று. ந தோசைகளுக்கு (5 × ந + 5) ÷ 3 புரட்டல்களுக்கு மேல் தேவையில்லை என்று அது நிறுவியது. நூறு தோசைகளுக்கு 197 என்றிருந்த வேலி 168-க்கு இறங்கிவிட்டது. கட்டுரை அச்சேறியபோது அந்த இளைஞர் படிப்பை விட்டுவிட்டு, ஒரு கணிப்பொறி நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் பெயர் மைக்ரோசாஃப்ட். அவர் பெயர் பில் கேட்ஸ்!

அந்த எல்லையை வெல்ல முப்பது ஆண்டுகள் பிடித்தன. பெரிய அடுக்குகளுக்கு, தோசை ஒன்றுக்கு 5/3 புரட்டல் என்ற கணக்கை 18/11 என்று குறைத்து, அமெரிக்காவின் டல்லாஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று 2009-இல் கட்டுரை வெளியிட்டது. 5/3 என்பது ஏறத்தாழ 1.67, 18/11 என்பது ஏறத்தாழ 1.64. இவ்வளவு சிறிய முன்னேற்றத்துக்கு முப்பது ஆண்டுகளா என்று கேட்பீர்கள். கேள்வி அவ்வளவு கெட்டியானது.

2011-இல் பிரான்சின் நான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரான் புல்த்தோ, கியோம் ஃபெர்த்தான், இரேனா ருசு ஆகிய மூவர் அந்தக் கெட்டித்தன்மையையே நிறுவினார்கள். கொடுத்த அடுக்குக்கு மிகக் குறைந்த புரட்டல் எண்ணிக்கையைக் காண்பது, கணிப்பொறி இயலில் மிகக் கடினமானவை என்று பெயர் பெற்ற ஒரு கூட்டம் கேள்விகளோடு சேர்ந்தது என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு எப்போதும் விரைவாக விடை தரும் நிரல் கிடைத்தால், எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். இதுவரை ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

முட்டைக்கோசும் டர்னிப்பும்

தோசையைப் புரட்டுவதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இயற்கையும் இதே விளையாட்டை ஆடுகிறது என்பதுதான் அதற்கு விடை.

உயிர்களின் மரபணுக்கள் டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்திருக்கின்றன. எப்போதோ ஒரு முறை அந்த இழை இரண்டு இடங்களில் முறிந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி மறுபடி ஒட்டிக்கொள்வது உண்டு. 1921-இல் ஆல்பிரட் ஸ்டர்ட்டிவண்ட் இரண்டு பழ ஈ இனங்களை ஒப்பிட்டு, மரபணு வரிசை இப்படித் திரும்பியிருப்பதைக் கண்டார். 1938-இல் அவரும் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கியும் இத்தகைய திருப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழ ஈக்களின் குரோமோசோம் வகைகளுக்கு ஒரு வமிசாவளியே வரைந்தார்கள். தோசை அடுக்கில் மேற்பகுதியை மட்டுமே புரட்டலாம். இங்கே நடுவிலுள்ள துண்டையும் திருப்பலாம் என்பதே வேறுபாடு.

1988-இல் ஜெஃப்ரி பால்மர், லாரா ஹெர்பன் ஆகிய இருவரும் முட்டைக்கோசு, டர்னிப் முதலிய செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பச் செடிகள். மரபணுக்களின் எழுத்து வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் துண்டுகள் அமைந்த ஒழுங்கு மாறியிருந்தது! ஒன்றில் உள்ள ஐந்து துண்டுகளுக்கு 1, 2, 3, 4, 5 என்று எண்ணிட்டால், மற்றதில் அவை 1, −5, 4, −3, 2 என்று இருந்தன. கழித்தல் குறி, அந்தத் துண்டு எதிர்த் திசையில் படிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும். ஒரு பக்கம் கருகிய தோசை கருகிய பக்கம் மேலே தெரியக் கிடப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் திருப்பும்போது வரிசையும் தலைகீழாகும், குறிகளும் மாறும்.

எத்தனை திருப்பங்களில் ஒன்று மற்றதாகும்? முயன்று பார்ப்போம்:

தொடக்கம்: 1 −5 4 −3 2
2-ஐ மட்டும் திருப்ப: 1 −5 4 −3 −2
4-ஐ மட்டும் திருப்ப: 1 −5 −4 −3 −2
கடைசி நான்கையும் திருப்ப: 1 2 3 4 5

மூன்று போதும். இரண்டில் முடியாதா? நம் சந்திக் கணக்கை இங்கேயும் போடலாம். திசையும் முக்கியமாகிவிட்டதால், ஓர் எண்ணோடு 1 கூட்டினால் அதற்கு அடுத்த எண் வர வேண்டும். அதுவே நல்ல சந்தி. −3, −2 நல்லது. 4, −3 கெட்டது. இந்த டி.என்.ஏ. வட்டமானது. 1-ஐத் தொடக்கமாக வைத்து நேர்கோடாக எழுதியிருக்கிறோம். ஆகவே 5-க்கு அடுத்து மறுபடி 1 வருவதே நல்ல சந்தி. இப்படி எண்ணினால் 1, −5, 4, −3, 2 என்ற வரிசையில் ஐந்து சந்திகளும் கெட்டவை. நடுத்துண்டைத் திருப்பும்போது அதன் இரு முனைகளிலும் சந்தி மாறுகிறது. ஆகவே ஒரு திருப்பத்தில் அதிகபட்சம் 2 கெட்ட சந்திகள் ஒழியும். இரண்டு திருப்பங்களில் 4 ஒழியலாம், 5 ஒழியாது. எனவே மூன்றுக்குக் குறையாது. ஐந்து அட்டைத் தோசைகளுக்குக் கட்டிய அதே வேலி, இரண்டு செடிகளின் பழைய வரலாற்றுக்கும் பொருந்துகிறது!

இப்போது 'மிகக் குறைந்த' என்ற சொல்லின் கனம் தெரிகிறதா? நம் முதல் நிரலைப் போல், எப்படியாவது ஒழுங்குபடுத்தும் ஒரு வழியை வைத்துக்கொண்டு, "இத்தனை திருப்பங்கள் நடந்தன" என்று சொல்லிவிட்டால் அது இயற்கையைப் பற்றிய செய்தி ஆகாது. நம் நிரலைப் பற்றிய செய்தியே ஆகும். வேறொரு நிரல் வேறொரு எண்ணைச் சொல்லும். எந்த இரண்டு இனங்கள் நெருங்கிய உறவு, எவை தூரத்து உறவு என்பதும் நிரலுக்கு நிரல் மாறிப்போகும். மிகக் குறைந்த எண்ணிக்கை அப்படி மாறாது. இயற்கையில் உண்மையாக நடந்தவை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்க முடியாது. திருப்பங்கள் அரிதாக நடப்பதால், அந்த எண்ணிக்கை உறவின் நெருக்கத்துக்கு ஒரு நல்ல மதிப்பீடாகவும் அமைகிறது.

1995-இல் ஸ்ரீதர் ஹன்னென்ஹல்லி, பாவெல் பெவ்ஸ்னர் ஆகிய இருவரும் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு துண்டின் திசையும் தெரிந்திருந்தால், மிகக் குறைந்த திருப்ப எண்ணிக்கையை விரைவாகக் கணக்கிடும் முறை உண்டு என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே முட்டைக்கோசும் டர்னிப்பும் இடம்பெற்றன! 1997-இல் அல்பெர்ட்டோ கப்ராரா, திசை தெரியாவிட்டால் அதே கேள்வி முன்சொன்ன மிகக் கடினமான கூட்டத்தில் சேர்ந்துவிடும் என்று நிறுவினார். ஆச்சரியமாக இல்லையா? துண்டுக்கு ஒரு கழித்தல் குறி என்ற சிறிய தகவல்தான், விரைவில் தீரும் கணக்கையும் எளிதில் தீராத கணக்கையும் பிரிக்கிறது.

செய்து பாருங்கள்

1. மூன்று தோசைகள் 1, 3, 2 என்று இருக்கின்றன. கெட்ட சந்திகள் எத்தனை? மிகக் குறைந்த புரட்டல்கள் எத்தனை? இரண்டு எண்களும் ஒன்றா?

2. ஒரு பக்கம் கருகிய இரண்டு தோசைகள் அளவில் சரியான வரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் கருகிய பக்கம் மேலே தெரிகிறது. இரண்டும் கருகிய பக்கம் கீழே இருக்கும்படி, அதே வரிசையில் கொண்டுவர வேண்டும். மேல் தோசையை மட்டுமோ, இரண்டையும் சேர்த்தோ புரட்டலாம். எத்தனை புரட்டல்கள்?

3. நான்கு தோசைகளை 24 விதமாக அடுக்கலாம். அவற்றுள் மூன்று அடுக்குகளுக்கு மட்டும் நான்கு புரட்டல்கள் வேண்டும். அவை எவை? தேடல் நிரலைக் கணிப்பொறியிலோ, கணிப்பொறி இல்லாதவர்கள் ஒரு பெரிய தாளிலோ ஓட்டிப் பாருங்கள்.

விடைகள்

1. கெட்ட சந்திகள் 2. ஆனால் புரட்டல்கள் 3 வேண்டும் (3 1 2, பிறகு 2 1 3, பிறகு 1 2 3). கீழ் வேலி சரியானதுதான். ஆனால் விடை எப்போதும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்பதில்லை.

2. நான்கு. மேல் தோசை, இரண்டும், மேல் தோசை, இரண்டும் என்று மாறி மாறிப் புரட்ட வேண்டும்.

3. 2 4 1 3. 3 1 4 2. 4 2 3 1. இவற்றுள் முதல் இரண்டுக்கும் நான்கு சந்திகளும் கெட்டவை என்பதால், நான்குக்குக் குறையாது என்று உடனே சொல்லிவிடலாம். மூன்றாவதில் கெட்ட சந்திகள் மூன்றுதான். அதற்கும் நான்கு புரட்டல்கள் ஏன் வேண்டும் என்பதை, அட்டை வட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.